பழைய மாருதி 800-க்கு மேட் கறுப்பு: குன்னூர் பக்கம் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. அப்பா ஆசையாக வாங்கிய 1997 மாருதி 800-க்கு மேட் கறுப்பு, அதாவது பளபளப்பில்லாத கறுப்பு, அடிக்க வேண்டும். கையில் இருபதாயிரம்தான் இருக்கிறது.

வீல் ஆர்ச் ஓரத்தில் பெயின்ட் கொப்பளித்து, விரலால் தட்டினாலே துரு பொடிப்பொடியாக உதிர்கிறது. டிங்கரிங், பட்டி, பிரைமர் எல்லாம் நல்ல பட்டறையில்தான். அதில் மிச்சம் பிடிக்க எனக்கு மனமில்லை.

கவலையெல்லாம் இந்த மூடுபனிதான். ஈரக்காற்றில் ஸ்ப்ரே செய்தால் பெயின்ட் வெளுத்துத் திட்டுத்திட்டாகிவிடும். மேட் என்பதால் அப்புறம் பாலிஷ் போட்டுச் சரிசெய்யவும் முடியாது. மேட்டுப்பாளையத்துக்கு இறக்கி அடிப்பதா, பிப்ரவரி வெயில் வரும்வரை பொறுத்து இங்கேயே அடிப்பதா? மேலே 2கே மேட் கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும், பளபளக்காத நிறமற்ற மேல்பூச்சு) அவசியமா?

ஆர்.சி.யில் நிறம் மாற்றிய அனுபவம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.