முழங்கால் மாற்று அறுவையில் தொடைப் பட்டை கட்டாயமா?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்): அம்மாவுக்கு அடுத்த மாதம் கோவையில் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. சென்ற ஆண்டு இதையே செய்துகொண்ட அம்மாயிக்கு, மூட்டைவிட, அறுவையின்போது காலுக்கு இரத்தம் போகாமல் தடுக்கக் காற்றடைத்த பட்டையால் (டூர்னிக்கே) இறுக்கிய தொடைதான் பல நாள் வலித்தது. அந்த இடம் கன்றிப்போயும் இருந்தது. பட்டை இல்லாமல் செய்ய இயலுமா?

பதில் (ஈரோடு, அறுவை அரங்கு உதவியாளர்): இயலும். எலும்பில் இரத்தம் கசியாதிருந்தால், செயற்கை மூட்டை எலும்போடு ஒட்டும் சிமெண்டு நன்றாகப் பற்றும் என்பதற்காகவே பெரும்பாலும் 250 முதல் 300 மி.மீ. பாதரச அழுத்தத்தில் இறுக்குகிறார்கள். 2 மணி நேரத்தைத் தாண்டினால் நரம்புக்குக் கேடு என்பதால் நாங்கள் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருப்போம். பல ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வோ, பட்டை போட்டவர்களுக்கு முதல் நாள் வலியும் தீவிரப் பக்கவிளைவுகளும் கூடுதல் என்கிறது. சிமெண்டு வைக்கும்போது மட்டும் இறுக்குவோரும் உண்டு. இரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து இருக்கிறது.

பதில் (பொள்ளாச்சி): காலில் இரத்தக்குழாய் அடைப்போ, முன்பு இரத்தம் உறைந்ததோ இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்: அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு. திங்களன்று கேட்டுவிடுகிறேன், நன்றிங்க.