பைப்ல மோட்டார் போட்டு தண்ணி உறிஞ்சுற 14 வீடு, முதல்ல யார் வீட்டுல கட் பண்றது?

ஏரிக்கரை_பொண்ணு:
வணக்கம். 2021 அக்டோபர் தேர்தல்ல ஜெயிச்சு ஊராட்சி தலைவரா வந்தேன், விழுப்புரம் பக்கம். எங்க பெரிய தெருவுல 14 வீட்டுல குடிதண்ணி லைன்லயே நேரா மோட்டார் மாட்டி உறிஞ்சுறாங்க, கடைசியில இருக்கிற காலனிக்கு ரெண்டு குடம் வர்றதே பெரும்பாடு. மோட்டாரை எடுக்கணும்னு கிராம சபையில தீர்மானம் போட்டாச்சு. சிக்கல் என்னன்னா அந்த 14ல ஒண்ணு என் சின்ன மாமனார் வீடு, எனக்காக வெயில்ல வீடு வீடா ஓட்டு கேட்டவரு. இன்னொன்னு மேட்டுத் தெரு முனையில ஒரு வயசான தாத்தா பாட்டி வீடு, மோட்டார் இல்லன்னா அங்க சொட்டு கூட ஏறாது, தாத்தாவால நடக்கவும் முடியாது. எல்லாருக்கும் ஒரே சட்டம்னு புடுங்குனா மனசு உறுத்துது, அவங்களை மட்டும் விட்டா மீதி 13 பேரும் சண்டைக்கு வருவாங்க. என்ன பண்றது?

பழைய_செயலர்:
அம்மா, நான் ஊராட்சி செயலரா இருந்து ரிட்டயர் ஆனவன். சின்ன மாமனார் வீட்டுல இருந்தே ஆரம்பிங்க, ஆனா முந்தின நாள் ராத்திரி நீங்களே போய் உக்காந்து சொல்லிடுங்க, டேங்க் ஆபரேட்டரை அனுப்பி சொன்னா அவருக்கு அவமானமா போயிடும். தாத்தா வீடு வேற கதை, அது லெவல் பிரச்சனை. வாசல்ல தரைக்கு கீழ சின்னதா ஒரு சம்ப் கட்டி தண்ணி தானா அதுல விழட்டும், சம்ப்ல இருந்து மோட்டார் போட்டு ஏத்திக்கட்டும், லைன்ல உறிஞ்சுற பேச்சே வராது. மேட்டுக்கு தனி கேட் வால்வு வச்சு காலையில முதல் அரை மணி அங்க மட்டும் விட்டா இன்னும் நல்லது. எதுவா இருந்தாலும் மன்றத்துல வச்சு காரணத்தோட மினிட் புக்ல ஏத்துங்க, அப்பதான் சலுகை காட்டுனீங்கன்னு நாளைக்கு யாரும் சொல்ல முடியாது.

காலனி_தம்பி:
அக்கா கோவிச்சுக்காதீங்க, தாத்தாவை பத்தி இவ்ளோ யோசிக்கிறீங்க சரி, எங்க ஊர்லயும் இதே கதைதான், எங்கம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து குழாயடியில உக்காந்திருக்கும். ஜல் ஜீவன் குடிதண்ணி திட்டத்து கணக்குல ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர், அது காலனிக்கும்தானே. சம்ப் கட்டி முடியட்டும்னு மத்த 13 வீட்டையும் தள்ளிப் போட்டுடாதீங்க, அப்படி தள்ளிப் போட்டே எங்க ஊர்ல மூணு வருஷம் ஓடிப்போச்சு.

வாய்க்கால்:
குத்தம்பாக்கம் இளங்கோ விஷயம் தெரியுமா? 1996ல அந்த ஊருக்கு ஊராட்சி தலைவரானவரு, கிரானைட் கழிவுக் கல்லை வச்சு செலவு கம்மியா கால்வாய் கட்டுனாரு, எஸ்டிமேட்படி கட்டலன்னு சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. கணக்கு மொத்தமும் ஜனங்க முன்னாடி இருந்ததால கிராம சபையில ஊரே அவர் பக்கம் நின்னுச்சு, திரும்ப பதவிக்கும் வந்தாரு. நீங்களும் தெருவாரியா எத்தனை நிமிஷம் தண்ணி விடுறீங்கன்னு டேங்க் மேலயே எழுதிப் போடுங்கக்கா, சண்டைக்கு வர்றவங்க அதை பாத்துட்டு வரட்டும்.

ஏரிக்கரை_பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. தம்பி நீங்க சொன்னது உறைக்குது, நான் தாத்தா வீட்டையே யோசிச்சு ரெண்டு வாரத்தை ஓட்டிட்டேன். இன்னிக்கு ராத்திரி சின்ன மாமனார் வீட்டுக்கு போறேன், மேஸ்திரியை நாளைக்கு காலையில மேட்டுத் தெருவுக்கு வரச் சொல்லியிருக்கேன். சம்ப் செலவு ஊராட்சியில இருந்து எடுக்க முடியலன்னா என் கைக்காசு போட்டுக்கிறேன்.

பழைய_செயலர்:
கைக்காசு போட்டாலும் மினிட் புக்ல எழுதுங்கம்மா.