பெரியப்பாவின் சிப்ரோ

குழு: எங்கள் வீடு (சிங்கப்பூர்: தோ பாயோ, ஈசூன், உட்லண்ட்ஸ்)

சனிக்கிழமை

பெரியம்மா, காலை 9:12
எல்லாருக்கும் வணக்கம். பெரியப்பாவுக்கு நீர்க்கடுப்பு இன்னும் விடவில்லை. புதன் இரவு முதல் மாத்திரை போடுகிறார். நேற்று ராத்திரியும் ஐந்து தடவை எழுந்து போனார். எரிச்சல் அப்படியே இருக்கிறது.

சித்தப்பா, 9:15
காய்ச்சல் இருக்கிறதா அண்ணி?

பெரியம்மா, 9:16
இல்லை தம்பி. இடுப்பு வலி, வாந்தி எதுவும் இல்லை. ஆனால் முகம் வாடிப் போய்விட்டது.

சித்தப்பா, 9:18
திருச்சியிலிருந்து வரும்போது வாங்கிவந்த ஆன்டிபயாட்டிக் ஒரு அட்டை அப்படியே இருக்கிறது, அசித்ரோமைசின். போன வருடம் எனக்கு உடனே கேட்டது. கொண்டுவந்து தரட்டுமா? இரண்டையும் சேர்த்துப் போட்டால் சீக்கிரம் விட்டுவிடும்.

நான், 9:19
சித்தப்பா, வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள்.

நான், 9:19
பெரியம்மா, மாத்திரைப் பையைப் படம் எடுத்துப் போடுங்கள். அவர் சாப்பிடும் மற்ற மருந்துகளையும் சேர்த்துப் போடுங்கள்.

பெரியம்மா, 9:31
[படம்]
[படம்]

நான், 9:35
சிப்ரோஃப்ளாக்ஸாசின் (சிப்ரோ) 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 7 நாள். இதுவும் ஆன்டிபயாட்டிக்தான். இன்னொரு படத்தில் இருப்பது கால்சியம். சரி. சிப்ரோவை எதோடு விழுங்குகிறார்?

பெரியம்மா, 9:38
காலையில் பால் டீயோடு. இரவில் ஒரு டம்ளர் பால், கூடவே அந்தக் கால்சியம் மாத்திரையும். வெறும் தண்ணீரில் போட்டால் வயிறு புண்ணாகும் என்று நான்தான் பால் காய்ச்சிக் கொடுக்கிறேன்.

நான், 9:44
காரணம் இதுவாகத்தான் இருக்கும் பெரியம்மா. பாலில் உள்ள கால்சியம் இந்த மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படிப் பிடித்த மருந்து ரத்தத்தில் சேராமல் வெளியே போய்விடும். மாத்திரை வயிற்றுக்குள் போகிறது, ஆனால் கிருமி இருக்கிற இடத்துக்குப் போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. தயிர், இரும்புச்சத்து மாத்திரை, ஜிங்க், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து எல்லாமே இப்படித்தான் தடுக்கும்.

பெரியம்மா, 9:46
ஐயோ, மூன்று நாளும் என் கையால்தானே கொடுத்தேன். பையில் ஆங்கிலத்தில் என்னவோ ஒட்டியிருந்தது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

நான், 9:48
உங்கள் மேல் தப்பே இல்லை. அதில் எழுதியிருப்பதைத் தமிழில் சொல்லாமல் கையில் கொடுத்தால் யாருக்குத்தான் தெரியும்? மாலையில் வந்து நானே தமிழில் எழுதி ஒட்டுகிறேன். அதுவரை இப்படிச் செய்யுங்கள். காலை 7, இரவு 7, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு சிப்ரோ மட்டும். பால் டீ 9 மணிக்கு. கால்சியம் மதியம் 1 மணிக்கு. கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் 6 மணி நேரம் கழித்துத்தான் சிப்ரோ. சிப்ரோ முதலில் போனால் 2 மணி நேரம் கழித்துக் கால்சியம் சாப்பிடலாம். அதனால்தான் நடுவில் 1 மணி.

பெரியப்பா, 9:52
சாயங்காலக் கோப்பி?

நான், 9:54
பெரியப்பா, சில நாளுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். கோப்பியில் இருக்கும் கஃபீன் உடம்பிலிருந்து வெளியேறுவதை இந்த மருந்து தாமதப்படுத்தும். ஒரு கோப்பி குடித்தாலும் அதிகமாகக் குடித்ததுபோல வேலை செய்யும், தூக்கம் வராமல் படபடக்கலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

பெரியப்பா, 9:55
அதுதான் இரண்டு நாளாகத் தூக்கமே இல்லையா!

அண்ணன், 10:03
வேலையில் இருக்கிறேன், இப்போதுதான் பார்க்கிறேன். முதலிலேயே வேறு மருந்து கொடுத்திருக்கக் கூடாதா?

நான், 10:07
பெரியப்பாவின் பதிவில் பென்சிலின் ஒவ்வாமை என்று இருக்கிறது அண்ணா. அதனால் அந்த வகை மருந்துகளைத் தவிர்த்திருப்பார்கள். பெரியப்பா, அந்த ஒவ்வாமை எப்போது வந்தது?

பெரியப்பா, 10:10
பள்ளியில் படித்தபோது. ஊசி போட்ட இரண்டாம் நாள் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. அப்போது கம்போங்கில் (கிராமத்தில்) இருந்தோம். அம்மா பயந்துபோய், இனிமேல் அந்த ஊசியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நான், 10:14
தொற்று சரியானதும் ஒவ்வாமைச் சோதனைக்குச் சீட்டு எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்போம். இப்படிச் சின்ன வயதில் ஒவ்வாமை என்று பெயர் வாங்கியவர்களைச் சோதித்துப் பார்த்தால் 10 பேரில் ஏறக்குறைய 9 பேருக்கு ஒவ்வாமை இல்லை. சோதனை முடியும்வரை அந்த வகை எதையும் தொடக்கூடாது. இப்போது கிளினிக்கை அழைத்து, மூன்று நாளும் பாலோடு சாப்பிட்டதைச் சொல்லிவிடுங்கள்.

சித்தி, 10:20
சின்னவனுக்கு நேற்றிலிருந்து தொண்டை வலி, மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டுகிறது. இவர் அந்தத் திருச்சி அட்டையில் பாதி உடைத்துக் கொடுக்கலாம் என்கிறார்.

நான், 10:23
சித்தி, தயவுசெய்து கொடுக்காதீர்கள். தொண்டை வலியோடு மூக்கும் ஒழுகினால் பெரும்பாலும் வைரஸ்தான். எந்த ஆன்டிபயாட்டிக்கும் வைரஸைத் தொடாது. பிள்ளைகளுக்கு எடை பார்த்துத்தான் அளவு, பாதி உடைத்துக் கொடுப்பது கணக்கே இல்லை. எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ மூச்சு இரைத்தாலோ உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

நான், 10:26
சித்தப்பா, அந்த அட்டையின் பின்னால் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள்.

சித்தப்பா, 10:29
ஆமாம், இருக்கிறது. கம்பெனிக்காரன் அழகுக்குப் போட்டது என்று நினைத்தேன்.

நான், 10:33
டாக்டர் சீட்டு இல்லாமல் இதைச் சாப்பிடாதே என்பதுதான் அந்தக் கோட்டின் அர்த்தம். 2016இல் இந்திய அரசு இதற்காகவே மக்களிடம் பிரசாரம் செய்தது. சிங்கப்பூரிலும் ஆன்டிபயாட்டிக் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துதான். அப்புறம், சிப்ரோவும் அசித்ரோமைசினும் இரண்டுமே இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடியவை. பெரியப்பா வயதில் இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

சித்தப்பா, 10:35
சரிம்மா. தரமாட்டேன்.

பெரியம்மா, 11:02
கிளினிக்கில் பேசிவிட்டேன். நேரம் மாற்றித் தொடரச் சொன்னார்கள். காய்ச்சலோ இடுப்பு வலியோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். இல்லையென்றால் திங்கள் மதியம் வரவேண்டுமாம், சிறுநீர்ச் சோதனை முடிவும் அதற்குள் வந்துவிடுமாம்.

ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா, இரவு 8:40
இன்று எரிச்சல் பாதியாகக் குறைந்துவிட்டது. நாளைக் காலை பீஷான்-அங் மோ கியோ பூங்காவுக்கு நடக்கப் போகலாமா?

நான், 8:46
மெதுவாக நடங்கள், ஓட்டம் வேண்டாம். 60 வயதுக்கு மேல் இந்த மருந்து சிலருக்குத் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணைப் பாதிக்கும். குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் வலியோ வீக்கமோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் டாக்டரை அழையுங்கள், தைலம் தேய்த்துச் சமாளிக்க வேண்டாம். இந்த மருந்தால் வெயிலும் வழக்கத்தைவிடச் சுடும், வெளிச்சம் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

திங்கட்கிழமை

பெரியம்மா, காலை 10:51
அம்மாடி, பெரியப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. நடந்துவிட்டு வந்து இன்னும் பசியாறவில்லை.

நான், 10:52
பேசுகிறாரா? விழுங்க முடிகிறதா? சர்க்கரை எவ்வளவு என்று குத்திப் பாருங்கள்.

பெரியம்மா, 10:54
பேசுகிறார். 3.4.

நான், 10:54
இது குறைவு, இந்த மில்லிமோல் கணக்கில் 4க்குக் கீழே போகக்கூடாது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி இப்போதே குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்துங்கள். தடுமாறினாலோ விழுங்க முடியாவிட்டாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். நான் ஃபோன் செய்கிறேன், எடுங்கள்.

அண்ணன், 10:58
கிளம்பிவிட்டேன்.

பெரியம்மா, 11:12
5.2. நடுக்கம் நின்றுவிட்டது. இட்லி சாப்பிடுகிறார்.

நான், 11:15
நல்லது. பெரியம்மா, சர்க்கரைக்கு என்ன மாத்திரை? சனிக்கிழமை அனுப்பிய படத்தில் அது இல்லையே.

பெரியம்மா, 11:17
அது வார டப்பாவில் இருக்கிறதே, தினமும் போடுவதுதானே என்று படம் எடுக்கவில்லை. கிளிபிசைட்.

நான், 11:24
கிளிபிசைட்டோடு சிப்ரோ சேர்ந்தால் சர்க்கரை மிகவும் இறங்கலாம். பாலை நிறுத்தியபின் மருந்து முழுதாக உடம்பில் சேர்கிறது, அதோடு சாப்பிடாமல் நடந்திருக்கிறார். சனிக்கிழமை நான் வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும். பத்து வருடமாகப் போடுவதும் மருந்துதான் பெரியம்மா. மதியம் கிளினிக்குக்குப் போகும்போது அந்த டப்பா, கால்சியம் புட்டி, நாட்டு மருந்து, சத்து மாவு, வாயில் போடும் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள்.

அண்ணன், பிற்பகல் 3:40
பையோடு போனோம். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கிருமிக்குச் சிப்ரோ நன்றாகவே கேட்கிறதாம். கிளிபிசைட்டைப் பாதியாக்கி, நாளுக்கு நான்கு தடவை சர்க்கரை பார்க்கச் சொன்னார். முதல் நாட்களில் மருந்து சரியாகச் சேராததால் சனி இரவுவரை நீட்டித்திருக்கிறார். ஒவ்வாமைச் சோதனைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை

பெரியப்பா, இரவு 7:20
எரிச்சல் சுத்தமாகப் போய்விட்டது. இன்றோடு நிறுத்திவிட்டு மிச்சத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறேனே. அடுத்த தடவை வந்தால் உதவுமே.

நான், 7:31
பெரியப்பா, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், சனி இரவுவரை போடுங்கள். எத்தனை நாள் என்பதை நோயைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். முன்பெல்லாம் ஆண்களுக்கு 14 நாள் கொடுப்பது வழக்கம். காய்ச்சல் இல்லாதவர்களுக்கு 7 நாளே போதும் என்று 2021இல் வந்த ஆய்வு காட்டியது. தேவைக்கு மேல் யாரும் கொடுக்க விரும்புவதில்லை. உங்களுக்கு நீட்டியதற்குக் காரணம் இருக்கிறது. எரிச்சல் போனதும் கிருமி எல்லாம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த தடவை இதே கிருமி வரும் என்றும் சொல்ல முடியாது. நான் வேலை பார்க்கும் வார்டில் எந்த மருந்துக்கும் மசியாத கிருமியோடு வந்து வாரக்கணக்கில் ஊசியிலேயே கிடக்கிறவர்களை நான் பார்க்கிறேன். நம் வீட்டில் ஒருவர் அப்படிப் படுக்கக்கூடாது.

பெரியப்பா, 7:35
சரி கண்ணு. போட்டுவிட்டேன், தண்ணீரோடு.

சித்தப்பா, 7:44
திருச்சி அட்டையை என்ன செய்வது? கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடவா?

நான், 7:47
வேண்டாம் சித்தப்பா. பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டி, குப்பையோடு போடுங்கள். இங்கே வீட்டுக் குப்பையை எரித்துவிடுகிறார்கள்.

சித்தி, 7:50
நானே கட்டிப் போட்டுவிட்டேன். சின்னவன் மருந்து இல்லாமலே தேறி, இன்று பள்ளிக்கும் போய்வந்தான்.

சனிக்கிழமை

பெரியம்மா, இரவு 7:06
[படம்]
கடைசி மாத்திரையும் முடிந்தது. சர்க்கரை 7.1. நாளைக் காலை எழுந்ததும் பால் டீ போடலாமா?

நான், 7:09
தாராளமாகப் போடுங்கள். கடைசி மாத்திரை அதற்குள் ரத்தத்தில் சேர்ந்திருக்கும். கிளிபிசைட் மட்டும் திங்களன்று டாக்டர் சொல்லும்வரை பாதிதான்.

பெரியப்பா, 7:11
அப்படியானால் நாளை 9 மணிக்கு நீயும் வா, சேர்ந்து குடிப்போம்.