கழியும் கறவை மாட்டுக்கு ஐவர்மெக்டின் ஊசி: நாமே போடலாமா?

பாமணியாறு (திருத்துறைப்பூண்டி பக்கம்)
ஐப்பசியிலிருந்து என் மாடு வாய்க்கால் கரையில்தான் மேய்கிறது. பொங்கல் கழிந்ததும் கழிய ஆரம்பித்தது, பால் பாதியாகிவிட்டது. மருந்துக்கடையில் ஐவர்மெக்டின் வாங்கி, ஊசி போடத் தெரிந்த ஒருவரை வைத்துப் போட்டேன். இதைச் சொன்னதும் நேற்று இங்கே ஒருவர், சாணியைப் பரிசோதித்துப் பார்க்காமல் எப்படிப் போடலாம் என்று கேட்டார். எங்கள் ஊரிலிருந்து கால்நடை மருந்தகம் பதினோரு கிலோமீட்டர். போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. பூச்சிக்குப் பூச்சி மருந்து, இதில் பார்க்க என்ன இருக்கிறது? போன வருஷம் கன்றுக்குப் போட்டதும் இதே மருந்துதான். பத்து நாளில் கன்று தேறிவிட்டது.

வெண்ணாற்றங்கரை (ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்)
தம்பி, கேட்டது நான்தான். கோபத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டேன். ஐவர்மெக்டின், உருண்டைப்புழுவின் நரம்பிலும் தசையிலும் இருக்கும் குளோரைடு வாசல்களைத் திறந்துவிடும். புழு அசைய முடியாமல் போய் சாணியோடு வெளியேறும். உண்ணியிலும் சொறிப்பூச்சியிலும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. கன்றுகளுக்குப் பெரும்பாலும் உருண்டைப்புழுதான் தொல்லை, அதனால் உங்கள் கன்றுக்குக் கேட்டது.

ஆனால் தட்டைப்புழுவுக்கு எத்தனை மில்லி ஏற்றினாலும் அது கேட்காது. நம் டெல்டாவில் அந்தப் புழுவுக்கு எல்லா வசதியும் இருக்கிறது. மாட்டின் சாணியில் வரும் முட்டை தண்ணீரில் பொரித்து வாய்க்கால் நத்தைக்குள் போகும். அங்கே பெருகி வெளியே வந்து, தண்ணீர் ஓரப் புல்லிலும் நெல் தாளின் அடியிலும் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். மாடு அதைக் கடித்தால் ஈரலுக்குப் போய்விடும். கழிச்சல், இளைப்பு, பால் குறைவு. முற்றினால் தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் கோர்க்கும். ஐப்பசியில் தின்றது மாசியில் தெரிகிறது. உங்கள் மாட்டின் தாடையைத் தடவிப் பார்த்தீர்களா?

பாமணியாறு
லேசாகத் தொங்குகிறது. குனிந்து மேய்வதால் என்று நினைத்தேன்.

கீழத்தெரு ஆட்டுக்காரி (மன்னார்குடி)
டாக்டர் ஐயா, நீங்கள் சொல்வதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். இரண்டு வருஷம் முன்னால் நான் புழுக்கையை எடுத்துக்கொண்டு போனேன். முட்டை எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பத்து நாளில் இரண்டு ஆடு செத்தது. அறுத்துப் பார்த்தால் ஈரல் முழுக்கக் குஞ்சுப் புழு. பரிசோதனையை நம்பி நான் கெட்டேன். அந்த அண்ணன் கடையில் வாங்கியதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வெண்ணாற்றங்கரை
அம்மா, உங்கள் ஆடுகள் போனதற்கு வருந்துகிறேன். நீங்கள் சொல்வது உண்மை. ஈரலுக்குள் போன புழு முட்டையிட மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை சாணியில் ஒன்றும் தெரியாது. அதனால் முட்டை இல்லை என்றால் புழு இல்லை என்று அர்த்தமில்லை. எங்கே மேய்ந்தது, எப்போதிலிருந்து என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காதது எங்கள் பக்கத் தவறு. ஆனால் அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போடலாமா? ஆக்ஸிகுளோசனைடு வளர்ந்த தட்டைப்புழுவை மட்டும்தான் கொல்லும். குஞ்சுப் புழுவுக்கு டிரைகிளாபெண்டசோல் வேண்டும். கடைக்காரர் இதையெல்லாம் கேட்டா கொடுக்கிறார்?

கீழத்தெரு ஆட்டுக்காரி
அது சரி. கேட்பதில்லை. சினை ஆடா என்றுகூடக் கேட்காமல் எனக்கு ஆல்பெண்டசோல் பூச்சி மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

வெண்ணாற்றங்கரை
சினை பிடித்த முதல் மாதத்தில் அதைக் கொடுத்தால் கரு சிதையலாம், குட்டி ஊனமாகப் பிறக்கலாம். மாட்டுக்கும் சினையின் தொடக்கத்தில் வேண்டாம்.

பாமணியாறு தம்பி, இன்னொன்று. ஊசி போட்ட மாட்டின் பாலை என்ன செய்கிறீர்கள்?

பாமணியாறு
சொசைட்டிக்கு ஊற்றுகிறேன். வீட்டுக்கும் அதுதான். ஊற்றாமல் எப்படி? வாரச்சீட்டு, தவிட்டுக்கடைப் பாக்கி எல்லாம் அந்தப் பாலில்தான் ஓடுகிறது. காய்ச்சித்தானே குடிக்கிறோம்?

வெண்ணாற்றங்கரை
காய்ச்சினால் போகாது. ஐவர்மெக்டின் கொழுப்பில் கரையும் மருந்து. உடம்பில் வாரக்கணக்கில் தங்கிப் பாலில் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பால் கறக்கும் மாட்டுக்கு வேண்டாம் என்கிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளையும் அதைத்தான் குடிக்கிறது, தம்பி. அந்தப் பாலைக் கொஞ்ச நாள் யாருக்கும் கொடுக்க வேண்டாம். எத்தனை நாள் என்று மருந்து பாட்டிலோடு போய் டாக்டரிடம் கேளுங்கள். மிச்சம் இருந்தால் நாய்க்கும் போட்டுவிடாதீர்கள். மாட்டு மருந்தின் வீரியம் நாய்க்கு அதிகம். கோலி இன நாய்களுக்கு மருந்து மூளைக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து.

பாமணியாறு
பாலை நிறுத்திவிடுகிறேன். இதைக் கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஐயா, தப்பு முழுக்க என் மேல் இல்லை. மருந்தகம் பக்கத்தில் இருந்திருந்தால் நான் ஏன் கடைக்குப் போகிறேன்? 1962 என்ற எண்ணுக்கு போன் போட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டி வரும் என்கிறார்கள். வரும், ஆனால் எங்கள் முறை வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடுகிறது. இந்த விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன்.

வெண்ணாற்றங்கரை
இறங்க வேண்டாம். நான் வேலையில் இருந்த காலத்திலும் இதே குறைதான். ஆனாலும் இந்த மாட்டுக்கு நாளையே வழி பார்க்க வேண்டும். காலையில் மாடு போட்டவுடன், மண் படாத மேல் சாணியாக ஒரு கைப்பிடி எடுத்து சுத்தமான டப்பாவில் மூடி டாக்டரிடம் கொண்டுபோங்கள். தாடை வீக்கத்தையும், ஐப்பசியிலிருந்து வாய்க்கால் கரையில் மேய்ந்ததையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

மாட்டின் எடையும் சொல்ல வேண்டும். குறைத்துக் கொடுத்தால் புழு தப்பித்து அந்த மருந்துக்கே பழகிவிடும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் கிலோ வரும். 60 அங்குலச் சுற்று, 50 அங்குல நீளம் என்றால் சுமார் 273 கிலோ.

பாமணியாறு
தையல் டேப்பில் அளந்தேன். சுற்று 63, நீளம் 52. கணக்கு 313 கிலோ வருகிறது. கடைக்காரர் 200 கிலோ என்று வைத்துத்தான் மருந்து கொடுத்தார்.

கீழத்தெரு ஆட்டுக்காரி
அண்ணே, வாய்மருந்து கொடுத்தால் தலையை ரொம்பத் தூக்கிப் புகட்டாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

பாமணியாறு
சரிங்க தங்கச்சி. டப்பாவைக் கழுவி வைத்துவிட்டேன்.