குச்சியில் ஒரு செ.மீ. வந்து அறுந்தது: புழு அழுகல் நோயைக் கண்டவர்கள் சொல்லுங்கள்

கோதையாறு
ரப்பர் மரத்துத் தேன் வரவு முடியும் நேரம். இத்தாலியன் தேனீப் பெட்டி, பத்துச் சட்டம், ஆறில் புழு. வாசலில் போக்குவரத்துக்குக் குறையே இல்லை. நடுச் சட்டத்தை உருவித் தேனீயை உதறிவிட்டுப் பார்த்தால், மூடிய கண்ணறைகளுக்கு நடுவே அங்கங்கே காலி. மூடாத கண்ணறையில் நாலைந்து நாள் புழு. அடியில் வளைந்து கிடக்கவேண்டியது சுவரோடு முறுக்கி ஒட்டியிருக்கிறது, நிறம் மஞ்சள். சரி, புழு அழுகலின் ஐரோப்பிய, அமெரிக்க என்ற இரண்டு பாக்டீரியா வகையில் இது ஐரோப்பிய வகைதான் என்று முடிக்கலாம். ஆனால் அதே சட்டத்தில் ஏழெட்டு மூடி உள்வாங்கி, கருத்து, ஓரத்தில் ஓட்டையோடு இருந்தன. ஒன்றைக் கிழித்து, தீக்குச்சியால் கலக்கி மெதுவாக இழுத்தால் ஒரு செ.மீ. வந்து அறுந்தது. தண்ணீராகவும் இல்லை, நூலாகவும் இல்லை. அந்த ஒரு செ.மீ.தான் உறுத்துகிறது. இப்படிப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அடைநோக்கி
நூல் எவ்வளவு வந்தது என்பதோடு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க வகையில் காபி நிறத்தில், இழுக்க இழுக்க 2 முதல் 3 செ.மீ. வரை மெல்லியதாக நீளும். ஐரோப்பியத்தில் வந்தாலும் குறுகலாக, மணல் மணலாக வந்து அறும். நோய் முற்றினால் ஐரோப்பியத்திலும் சில புழு மூடிய பிறகே சாகும். அதனால் உள்வாங்கிய மூடியை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

மறக்கவே முடியாத ஒரு சட்டம் சொல்கிறேன். கூட்டுப்புழு கட்டத்தில் செத்தது, உடல் முழுக்க உருகிக் கீழே படிந்துவிட்டது, நாக்கு மட்டும் கண்ணறையின் குறுக்கே நூலாக நிமிர்ந்து மேல்சுவரைத் தொட்டு நின்றது. அதைக் கண்டால் அமெரிக்க வகை என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் எல்லாச் சட்டத்திலும் அகப்படாது. அகப்படாததால் நோய் இல்லை என்று நினைக்கக் கூடாது.

செத்த புழு காய்ந்து படிந்த பொருக்கைப் பார்த்தீர்களா? வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து வரட்டும். சட்டத்தின் மேல்கட்டையை உங்கள் பக்கம் சாய்த்து, மேலிருந்து கீழ்நோக்கிக் கண்ணறையின் அடிச்சுவரைப் பாருங்கள். அமெரிக்க வகைப் பொருக்கு கருப்பாக, நீளவாக்கில் சுவரோடு ஒட்டியிருக்கும். ஊசியால் நெம்பினால் உடையுமே தவிர பெயராது. ஐரோப்பியப் பொருக்கு ரப்பர் போல வளையும், முழுசாக வந்துவிடும். நேரே எதிரே பிடித்துப் பார்த்தால் பொருக்குள்ள சட்டமும் காலிச் சட்டமாகத்தான் தெரியும். பழைய சட்டம் விலைக்கு வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

வெள்ளைமெழுகு
எங்கள் பக்கத்தில் பார்த்த பெட்டியில் மூடியைத் தூக்கியதுமே புளித்த வாடை, வினிகர் மாதிரி. ஐரோப்பிய வகை. ஆனால் வாடையை நம்பி முடிவெடுக்காதீர்கள். கூடவே வந்து சேரும் மற்ற பாக்டீரியாவைப் பொறுத்து வாடை மாறும். ஒரு பெட்டியில் புளிப்பாகவும் பக்கத்துப் பெட்டியில் அழுகிய மீனாகவும் இருக்கும், நோய் ஒன்றே. ஆரம்பத்தில் வாடையே வராது.

பொந்துத்தேனீ
இங்கே ஒருவரும் சாக்புரூட் என்ற வைரஸ் புழு நோயைப் பற்றிப் பேசவில்லையே. 1991–92இல் கேரளத்திலும் குமரியிலும் நம் நாட்டு அடுக்குத் தேனீப் பெட்டிகளைக் காலி செய்தது தாய் சாக்புரூட் வைரஸ். அதற்குப் பிறகுதான் இத்தாலியன் இந்தப் பக்கம் பரவியது. இன்றைக்கும் அடுக்குத் தேனீயில் செத்த புழுவைக் கண்டால் முதலில் அந்த நினைப்புதான் வரும், அதனாலேயே பாக்டீரியா நோய் தப்பிவிடுகிறது. 1971இலேயே மகாபலேஷ்வரப் பக்கத்து அடுக்குத் தேனீயில் ஐரோப்பிய வகை பதிவாகியிருக்கிறது.

ஊசியால் புழுவைத் தூக்கிப் பாருங்கள். சாக்புரூட்டில் புழு நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கும், தலைப்பக்கம் முதலில் கருக்கும், தோல் கிழியாமல் நீர் நிறைந்த பையாகத் தூக்க வரும். காய்ந்தால் இரு முனையும் மேலே வளைந்த பொருக்கு, தட்டினாலே விழும். ஐரோப்பியத்தில் பை கிடையாது. தோல் மெலிந்து, உள்ளே மூச்சுக்குழல்கள் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். கோதையாறு அண்ணே, மஞ்சள் புழுவில் அந்தக் கோடுகள் தெரிந்ததா?

மெழுகுதட்டு
அடைநோக்கி சொன்னதில் ஒன்றை ஒத்துக்கொள்ள முடியாது. 2, 3 செ.மீ. நூல் என்ற கணக்கை மட்டும் வைத்து நடந்தால் அமெரிக்க வகையே தப்பிவிடும். அந்த பாக்டீரியாவில் எரிக் 1, எரிக் 2 என்று இரண்டு வகை பரவலாக உண்டு. எரிக் 1 மெதுவாகக் கொல்லும், மூடிய பிறகு சாகும் புழு அதிகம், நூல் கிடைக்கும். எரிக் 2 ஒரு வாரத்துக்குள் கொன்றுவிடும், பெரும்பாலும் மூடுவதற்கு முன்பே. தாதித் தேனீ இழுத்துப் போட்டுவிடும். நூல் இழுக்க ஆளே இல்லாமல் சல்லடைப் புழுப்பரப்பு மட்டும் மிஞ்சும். பார்க்கிறவர் ராணியைக் குறை சொல்லிவிட்டுப் போவார். செத்து ஓரிரு நாள் ஆன புழுவும் இழுபடாது, காய்ந்து பொருக்கானதும் இழுபடாது. நடுவில் உள்ள கட்டத்துக்கு மட்டும் பொருந்தும் சோதனை அது.

அடைநோக்கி
மெழுகுதட்டு சொல்வது சரி, ஆனால் நான் பொருக்கையும் சேர்த்துத்தான் சொன்னேன். நூல் வராவிட்டால் அடுத்தது பால் சோதனை. 100 மி.லி. தண்ணீரில் 1 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர். இரண்டு சிறு கண்ணாடிக் குழாயில் 3, 4 மி.லி. ஊற்றி, ஒன்றில் மட்டும் சந்தேகப் பொருக்கைப் போடுங்கள். 37 டிகிரி வெந்நீரில் நிறுத்தினால் அமெரிக்க வகையாக இருந்தால் 10 முதல் 20 நிமிடத்தில் பால் தெளியும், பொருக்கு போடாத குழாய் வெண்மையாகவே இருக்கும். ஸ்போர் (பாக்டீரியாவின் உறங்கும் வித்து) உருவாகும்போது வெளிவரும் நொதிதான் பாலைத் தெளிவிக்கிறது. ஆகவே புதிதாகச் செத்த புழுவைப் போட்டுவிட்டுத் தெளியவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள்.

தென்னந்தோப்பு
ஏன் இவ்வளவு சிரமம்? ஆக்ஸிடெட்ராசைக்ளின் சர்க்கரைப் பாகில் கலந்து கொடுத்தால் ஒரு வாரத்தில் புழு வெள்ளையாகிவிடும். எங்கள் பக்கம் எல்லாரும் அதுதான் செய்கிறார்கள்.

தீவுமனுக்கா
தென்னந்தோப்பு, வெள்ளையாகும் என்பது உண்மை, அதுதான் ஆபத்து. மருந்து வளரும் பாக்டீரியாவைத்தான் தொடும், ஸ்போரைத் தொடாது. அமெரிக்க வகையில் செத்த ஒரு புழுவில் 250 கோடி வரை ஸ்போர். முதல் நாள் புழுவுக்கு பத்து ஸ்போரே போதும். அடையிலும் மரத்திலும் 35 ஆண்டுக்கு மேல் உயிரோடு கிடக்கும். மருந்தை நிறுத்தினால் திரும்ப வரும். அதற்குள் அடையாளம் மறைந்த அந்தச் சட்டத்தை வேறு நாலு பெட்டிக்கு மாற்றியிருப்பீர்கள். தேனில் எச்சம் வேறு. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியத் தேனை நிறுத்தியதற்கு ஆன்டிபயாடிக் எச்சமும் ஒரு காரணம்.

இங்கே நியூசிலாந்தில் இந்த நோய்க்கு மருந்து கொடுக்கவே சட்டம் விடாது. நோய் தெரிந்த 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், பெட்டியை அழிக்க வேண்டும். இங்கே ஐரோப்பிய வகை கிடையாது, அதனால் உள்வாங்கிய மூடி ஒன்றைக் கண்டாலே வேலை நின்றுவிடும். அந்திக்குப் பிறகு, பறப்பு அடங்கியதும் வாசலை அடைத்து, மேலிருந்து அரை லிட்டர் போலப் பெட்ரோல் ஊற்றி மூடிவிடுவார்கள். தேனீ செத்ததும் பெட்டியோடு குழியில் இறக்கிய பிறகுதான் நெருப்பு. குழி ஆழமாக இருக்க வேண்டும், உருகும் தேனும் மெழுகும் வழிந்து வெளியே வந்தால் பக்கத்துப் பெட்டித் தேனீ வந்து நக்கும். பிறகு மண் மூடல்.

நல்ல மரப் பாகங்களை மீட்க அனுமதி கிடைத்தால் 160 டிகிரி பாரஃபின் மெழுகில் 10 நிமிடம் முழுக்குவது முறை. வெப்பமானி இல்லாமல் குத்துமதிப்பாகச் செய்தால் பயனில்லை. ஊதுவிளக்கால் மேலோட்டமாகத் தீய்ப்பதும் மூலைப் பொருத்துகளுக்குள் எட்டாது. நோய் அடையை உருக்கிய மெழுகிலும் ஸ்போர் சாகாது, அதை மெழுகுத்தகடு அடிக்கக் கொடுத்தால் வாங்கும் எல்லாருக்கும் போகும்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். பெரிய பண்ணையில் நோய் பரவுவது பறக்கும் தேனீயாலல்ல, பெரும்பாலும் நம் கையால்தான். தேன் பிழிந்த சட்டங்களைக் கலந்து வேறு பெட்டிக்குத் திருப்பி வைப்பது, பலவீனமான பெட்டிக்குப் புழுச் சட்டம் கடன் கொடுப்பது, கடையில் வாங்கிய தேனை உணவாக வைப்பது. ஒவ்வொரு தேன் அறையிலும் தோட்டத்தின் எண்ணை எழுதி, அந்தத் தோட்டத்தை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொண்டால் ஒரு தோட்டத்து நோய் அதோடு நிற்கும். சட்டம் நெம்பும் உளியைப் பெட்டிக்குப் பெட்டி சுரண்டி நெருப்பில் காட்டுங்கள். சோதித்த தீக்குச்சியைப் புகைப்பானுக்குள்ளேயே போடுங்கள், தரையில் அல்ல.

வெள்ளைமெழுகு
கையடக்கச் சோதனைக் கருவி இரண்டு நோய்க்கும் தனித்தனி. ஒன்று மற்றதைக் காட்டாது. நோய் முகம் நன்றாகத் தெரியும் ஒரே ஒரு புழு, காயாதது, போதும். புட்டிக்குள் போட்டு 20 நொடி குலுக்கி, கருவியைச் சமதரையில் வைத்து இரண்டு மூன்று சொட்டு. சில நிமிடத்தில் இரண்டு கோடு வந்தால் நோய், ஒரு கோடு வந்தால் அந்தப் புழுவில் இல்லை. பெட்டியிலேயே இல்லை என்று அர்த்தமல்ல.

ஆய்வகத்துக்கு அனுப்பினால் தேன் இல்லாத புழு அடை, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, காகிதத்தில் சுற்றி அட்டைப்பெட்டியில். பாலித்தீன் பையில் போட்டால் வேர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும், அவர்களால் ஒன்றும் சொல்ல முடியாது.

கோதையாறு
பொந்துத்தேனீ, வெள்ளைக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. நீர்ப்பை இல்லை. அடிச்சுவரில் ஒட்டிய பொருக்கு இல்லை, இருந்தவை ஊசிக்கு முழுசாக வந்தன. பால் அரை மணி நேரம் ஆகியும் தெளியவில்லை. கருவியில் ஐரோப்பியத்துக்கு இரண்டு கோடு, அமெரிக்கத்துக்கு ஒன்று.

மருந்து கொடுக்கவில்லை. தேனீயை மட்டும் புது மெழுகுத்தகட்டுச் சட்டங்களில் உதறி, ராணியை மாற்றி, சமபங்கு சர்க்கரைப் பாகு வைத்தாயிற்று. பழைய புழுச் சட்டம் ஆறும் எரிந்தன. நிற்கிற கேள்வி தேன் அறைச் சட்டங்கள்: அந்தத் தோட்டத்து எல்லாப் பெட்டியுடையதும் ஒரே பிழியும் இயந்திரத்தில் சுற்றியவை.

தீவுமனுக்கா
அண்ணே, அந்தச் சட்டங்களை வேறு தோட்டத்துக்கு ஏற்றாதீர்கள், அதே தோட்டத்துக்குள் மட்டும் போகட்டும். இயந்திரத்தை வெந்நீரும் சோடாவும் விட்டுக் கழுவுங்கள், கழுவிய தண்ணீரைத் தேனீ தொடாத இடத்தில் ஊற்றுங்கள். புது ராணியின் முட்டை விழுந்த நாளிலிருந்து 21 நாள் ஒரு சுற்று. அது முடிவதற்குள் அந்தத் தோட்டத்து ஒவ்வொரு பெட்டியிலும் எல்லாப் புழுச் சட்டத்தையும் உதறிப் பார்த்துவிடுங்கள், ஒன்றிரண்டை மாதிரிக்கு எடுப்பது போதாது. அதுவரை பலவீனப் பெட்டிகளின் வாசலை இரண்டு தேனீ நுழையும் அளவுக்குக் குறுக்கிவிடுங்கள். ரப்பர் வரவு நின்றால் ஒரு பெட்டித் தேனீ இன்னொரு பெட்டித் தேனைக் கொள்ளையடிக்கத் தொடங்கிவிடும்.