ஸ்காட்லாந்தில் எஸ்டேட் வைத்திருந்த மூதாதையர்: உயில் கிடைக்கவில்லை, உதவி தேவை

குன்னூர்க்காரி:
அவசரம் நண்பர்களே. அம்மா வழியில் ராபர்ட்சன் என்று ஒருவர் ஈஸ்ட் இந்தியா கம்பெனி டாக்டராக மெட்ராஸுக்கு வந்தவர். அவர் அப்பாவுக்கு ஸ்காட்லாந்தில் பெரிய எஸ்டேட். ஸ்காட்லாந்தின் பழைய ஆவணங்களைத் தேடும் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் அப்பா பேரில் உயில் தேடியாச்சு, ஒண்ணும் வரலை. எரிஞ்சு போயிருக்குமா? வேற எங்கே பார்க்கணும்? இந்த வாரத்துக்குள்ள தெரியணும்.

கிளைமரம்:
அப்பாவின் முழுப்பெயர் என்ன? எந்தக் கவுண்டி, அதாவது மாவட்டம்? எஸ்டேட் பெயர்? அவர் இறந்தது சுமாராக எந்தப் பத்தாண்டு? டாக்டர் மூத்த மகனா, இளையவரா? இவை தெரியாமல் வெறும் ராபர்ட்சன் என்று இறங்கினால் பெர்த்ஷயர் கவுண்டி ஒன்றைத் தாண்டுவதற்குள் ஆயுசு முடிந்துவிடும்.

கல்லோடன்_ரசிகன்:
ராபர்ட்சன் என்றால் ஜாகோபைட் பக்கம்தான், அதாவது பதவி இழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்துக்காகக் கலகம் செய்தவர்கள். 1745 கலகத்தில் எஸ்டேட் பறிபோயிருக்கும், அதனால்தான் உயில் இல்லை. பறிமுதல் எஸ்டேட் ஆவணங்களைப் பாருங்கள்.

பழைய_ரெக்கார்டு:
மாதம் ஒருமுறை இதே கேள்வி. மேலே ஒட்டியிருக்கும் இழையை யாரும் படிப்பதில்லை. அம்மணி, 1868 வரை ஸ்காட்லாந்தில் உயில் எழுதி நிலத்தைக் கொடுக்கவே முடியாது. அங்கே 'டெஸ்டமென்ட்' என்பது பணம், மாடு, தானியம், சாமான், வரவேண்டிய கடன் இவற்றுக்கு மட்டும். நிலம் சட்டப்படி மூத்த மகனுக்குப் போய்விடும். எனவே நிலக்காரருக்கு டெஸ்டமென்ட் இல்லாதது அதிசயமில்லை. எரியவும் இல்லை, கரையான் அரிக்கவும் இல்லை.

எடின்பரோ_வாசகர்:
இப்படி அதட்டினால் கேட்டவர் திரும்பி வரமாட்டார் சார். சொன்ன விஷயம் சரி, ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. மூத்தவனைத் தாண்டி மற்றவர்களுக்கும் நிலம் போகவேண்டும் என்று நினைத்தவர்கள் உயிரோடிருக்கும்போதே 'டிரஸ்ட் டிஸ்பொசிஷன் அண்ட் செட்டில்மென்ட்' என்ற பத்திரம் எழுதி வைத்தார்கள். அது டெஸ்டமென்ட் பட்டியலில் இல்லாமல், பத்திரப் பதிவேட்டில், அதாவது புக்ஸ் ஆஃப் கவுன்சில் அண்ட் செஷனில் கிடக்கலாம். 1554 முதல் இருக்கிறது. 1661 முதல் 1811 வரை மூன்று எழுத்தர் அலுவலகங்கள் தனித்தனியாக ஏடு வைத்திருந்ததால் மூன்றிலும் தேடவேண்டும். ஷெரிஃப் கோர்ட்டிலும், அதாவது உள்ளூர் நீதிமன்றத்திலும், பதிந்திருக்கலாம்.

குன்னூர்க்காரி:
பெர்த்ஷயர்தான். அப்பா ஜேம்ஸ். 1790க்கும் 1810க்கும் நடுவில் இறந்தார். டாக்டர் மூணாவது பையன்னு நினைக்கிறேன். எஸ்டேட் பேரைப் பொதுவுல போட வேண்டாம்னு மாமா சொல்றார். ஒரு கடிதத்துல ஜேம்ஸ் ராபர்ட்சன் 'இன்' அந்த ஊர்னு இருக்கு.

கிளைமரம்:
அக்கா, 'இன்' என்றா இருக்கிறது? 'ஆஃப்' இல்லையா? இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. பெயருக்குப் பின் 'ஆஃப்' வந்தால் அந்த நிலத்துக்கு உரிமையாளர். 'இன்' வந்தால் பெரும்பாலும் குத்தகைக்காரர். 'போர்ஷனர்' என்றிருந்தால் பங்குதாரர். 'யங்கர் ஆஃப்' என்றால் அப்பா உயிரோடிருக்க, அடுத்து வரவேண்டிய மகன். டேக்ஸ்மேன் என்பவர் பெரிய பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து உள்குத்தகைக்கு விடுபவர். வெளிநாட்டில் பிறந்த பேரன்களுக்கு அவர்தான் 'எஸ்டேட் முதலாளி'.

கல்லோடன்_ரசிகன்:
அதான் சொன்னேனே, கலகத்தில் நிலம் போய்க் குத்தகைக்காரர் ஆகிவிட்டார்கள்.

எடின்பரோ_வாசகர்:
கல்லோடன் சார், 1752இல் அரசுடமையாக இணைத்த எஸ்டேட்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவையும் 1784இல் குடும்பங்களிடம் திரும்பின. ஒவ்வொரு ராபர்ட்சனுக்கும் இதே கதை பொருந்தாது.

குன்னூர்க்காரி மேடம், ஒரு கடிதத்தில் 'இன்' என்று இருப்பதை வைத்து மட்டும் தீர்மானிக்க வேண்டாம். கடிதம் எழுதுபவர் ஆள் எங்கே குடியிருக்கிறார் என்று மட்டும் சொல்லியிருக்கலாம், சட்ட ஆவணத்தில்தான் அந்த வித்தியாசத்தைக் கறாராகப் பார்ப்பார்கள். இந்த வரிசையில் போங்கள்.

முதலில் டாக்டர். கம்பெனி உதவி மருத்துவர்களின் விண்ணப்பத் தாள்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆஃபீஸ் ஆவணங்களில், எல்/மில்/9 என்ற தொடரில் உள்ளன. கூடவே ஞானஸ்நானச் சான்று இருந்தால் அப்பா பெயரும் பாரிஷும், அதாவது சர்ச் வட்டாரமும், உறுதியாகிவிடும். பாரிஷ் தெரியாமல் மேற்கொண்டு போகாதீர்கள்.

அடுத்து 'சர்வீஸ் ஆஃப் ஏர்ஸ்'. செத்தவருக்கு இவர்தான் வாரிசு என்று ஜூரி விசாரித்துச் சொன்ன முடிவு இது. 1700 முதல் 1859 வரை பத்தாண்டுக்கு ஒன்றாக அச்சிட்ட அட்டவணை உண்டு. எல்லாரும் வழுக்கி விழும் இடம் இதுதான்: அட்டவணை வாரிசின் பெயரில் ஓடும், செத்தவர் பெயரில் அல்ல. செத்தவரின் குடும்பப்பெயர் வேறாக இருந்தால், அதாவது மகள் வயிற்றுப் பேரனோ மருமகனோ வாரிசானால், பின்னிணைப்பில் செத்தவர் பெயரைத் தேடவேண்டும். தேதியை நம்பாதீர்கள். மூத்த மகன் உரிமைப் பத்திரம் எதுவும் வாங்காமல் நிலத்தை அனுபவித்துக்கொண்டே இருப்பான். விற்கவோ கடன் வாங்கவோ நேரும்போதுதான் 'சர்வீஸ்' எடுப்பான். அப்பா போய் 20, 30 வருடம் கழித்துக்கூட வரலாம்.

மூன்றாவது, 'ரெஜிஸ்டர் ஆஃப் சேசின்ஸ்', அதாவது நில உரிமைப் பதிவேடு; அதில் ஒரு பதிவுதான் 'சேசின்'. 1617இல் தொடங்கியது. நிலம் கைமாறினாலும் நிலத்தின் மேல் கடன் கொடுத்தாலும் 60 நாளுக்குள் பதியவேண்டும். 1781 முதல் கவுண்டிவாரியாக அச்சிட்ட சுருக்கங்கள், ஆள் அட்டவணையோடு கிடைக்கும். ஊர் அட்டவணை 1830 வரைதான், பிறகு 1871 வரை இல்லை. அந்த இடைவெளியில் ஆள் பெயர் கட்டாயம் வேண்டும். சுருக்கத்தில் 'சீஸ்டு' (நிலத்தின் மேல் உரிமை பெற்றவர்) என்று போட்டு, தேதி, நிலம், பாரிஷ், எந்தப் பத்திரத்தின் பேரில், கடைசியில் 'பி.ஆர்.' அல்லது 'ஜி.ஆர்.' என்று தொகுதி, பக்க எண் இருக்கும். முன்னது கவுண்டிப் பதிவேடு, பின்னது பொதுப் பதிவேடு. எந்தக் கவுண்டி நிலத்தையும் பொதுவில் பதியலாம் என்பதால் இரண்டையும் பாருங்கள்.

கிளைமரம்:
அதோடு ஒன்று: பதிவேட்டில் பெயர் இருந்தாலே உரிமையாளர் என்று துள்ளிக் குதிக்கக்கூடாது. நம்மூர் வில்லங்கச் சான்றில் பேங்க் பெயர் வருகிற மாதிரி, நிலத்தின் மேல் கடன் கொடுத்த எடின்பரோ வக்கீலும் விதவையும் அங்கே 'சீஸ்டு'தான். 'ஆன் பாண்ட்' என்று இருந்தால் கடன், 'ஆன் டிஸ்ப்.' என்று இருந்தால் விற்பனையோ கொடையோ. பெண்களைத் தாய்வீட்டுப் பெயரிலேயே தேடுங்கள், ஸ்காட்லாந்து ஆவணங்களில் கல்யாணமானாலும் அந்தப் பெயர் மாறாது.

பழைய_ரெக்கார்டு:
வரிசையே தப்பு. சேசினை முதலில் பார்த்துவிட்டு சர்வீஸுக்குப் போகவேண்டும். அந்த நிலம் அரசிடமிருந்து நேராகப் பெற்றதா, நடுவில் ஒரு பிரபுவிடமிருந்து பெற்றதா? நடுவில் பிரபு இருந்தால் அவரே 'கிளேர் கான்ஸ்டாட்' என்று ஒரு சீட்டு எழுதி வாரிசை ஏற்றுக்கொள்வார். ஜூரி கிடையாது, சர்வீஸ் அட்டவணையில் பெயரும் இருக்காது. ஆனால் சேசின் பதிவில் அந்தச் சீட்டு சொல்லப்பட்டிருக்கும். நூறு இழையில் எழுதியாகிவிட்டது.

எடின்பரோ_வாசகர்:
கிளேர் கான்ஸ்டாட் விஷயம் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நில விவரம் தெரியாத நிலையில் பெர்த்ஷயர் ராபர்ட்சன்களை சேசின் அட்டவணையில் அலசுவது பெரும்பாடு. சர்வீஸ் அட்டவணையில் 'மெட்ராஸில் உள்ள மருத்துவர்' என்று தொழிலும் இடமும் போடுவார்கள். குன்னூர்க்காரி மேடத்துக்கு அதுதான் கொக்கி.

பெரியகுளத்தான்:
மூன்றாவது மகன் என்றால் இன்னொரு சிக்கல். நடு அண்ணன் பிள்ளையில்லாமல் இறந்திருந்தால், அவனுக்குப் பரம்பரையாக வந்த நிலம் அடுத்த தம்பிக்கு, அதாவது டாக்டருக்கு. அவன் சொந்தமாக வாங்கிய நிலம் மூத்த அண்ணனுக்கு. 1874 வரை சட்டம் இப்படித்தான் இருந்தது. ஒரே சாவுக்கு இரண்டு வாரிசுப் பதிவு வந்தால் பிழை என்று தள்ளிவிடாதீர்கள்.

சதுரஅடி_லார்டு:
ராபர்ட்சன் பட்டமெல்லாம் எதற்கு? நான் ஸ்காட்லாந்தில் ஒரு கம்பெனியிடம் ஒரு சதுர அடி வாங்கி 'லேர்ட்', அதாவது நிலக்காரப் பிரபு, ஆகிவிட்டேன். சான்றிதழ் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறது.

பழைய_ரெக்கார்டு:
அந்தச் சான்றிதழைப் பூஜையறையில் மாட்டுங்கள். நினைவுப்பரிசுத் துண்டு நிலத்தைப் பதிவேட்டில் ஏற்றக்கூடாது என்று 2012 நிலப்பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. பதியாத நிலத்துக்கு உரிமை கிடையாது.

சதுரஅடி_லார்டு:
நிலம் விற்ற கம்பெனி கொடுத்த பத்திரத்தில் என் பெயர் இருக்கிறதே ஐயா. பாரன் பட்டம் விற்கிறார்களே, அதுவும் பொய்யா?

பெரியகுளத்தான்:
பாரன் கதை வேறு. 28 நவம்பர் 2004இல் நிலப்பிரபுத்துவ முறை ஒழிந்தபோது பாரன் பட்டம் நிலத்திலிருந்து பிரிந்துவிட்டது. பட்டத்தை மட்டும் தனியாக வாங்கலாம், நிலம் வராது. 'லேர்ட்' என்பதோ பிரபுப் பட்டமே அல்ல, நிலம் உள்ளவரை ஊரார் அழைக்கும் பேச்சு. உங்கள் ஒரு அடியில் ஆட்டுக்குட்டிகூட நிற்காது.

கிளைமரம்:
இழை எங்கேயோ போகிறது. அக்கா, இருக்கிறீர்களா?

குன்னூர்க்காரி:
கிடைச்சுது! 1810–1819 அட்டவணையில டாக்டர் பேரே இருக்கு, அண்ணனுக்கு வாரிசா. பக்கத்துல 'ஜென்.' னு போட்டிருக்கு. எஸ்டேட் பேரு மட்டும் காணோம். எல்லாருக்கும் நன்றி, மாமாகிட்ட காட்டணும், ஓடறேன்.

எடின்பரோ_வாசகர்:
நல்லது மேடம். 'ஜென்.' என்றால் பொது சர்வீஸ், அதில் நிலத்தின் பெயர் சொல்லமாட்டார்கள். 'ஸ்பெஷல்' என்று இருந்தால்தான் சொல்வார்கள். பதிவான தேதியைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து முன்னோக்கி பெர்த்ஷயர் சேசின் சுருக்கங்களில் டாக்டர் பெயரைத் தேடுங்கள். நிலத்தை விற்றிருந்தால் விற்கும் முன் அவர் பெயருக்கு ஒரு சேசின் விழுந்திருக்கும், அல்லது வாங்கியவர் பதிவில் அந்த சர்வீஸைச் சொல்லியிருப்பார்கள். அண்ணன் பெயரையும் பின்னோக்கிப் பாருங்கள். கிடைத்தால் பி.ஆர். எண்ணை மட்டுமாவது இங்கே போடுங்கள், எஸ்டேட் பெயர் வேண்டாம்.

கல்லோடன்_ரசிகன்:
அண்ணன் எதனால் இறந்தார் என்று பார்த்தீர்களா? ராணுவமாக இருக்கும்.

சதுரஅடி_லார்டு:
ஐயா, பாரன் பட்டம் என்ன விலை போகும்?