சாம் புஷ் மாண்டலின் தாளம் பிடிபடவில்லை, உதவுங்கள்

நண்பர்களே, ஒரு மாதமாக சாம் புஷ் மாண்டலின் வாசித்த நியூ கிராஸ் ரிவைவல் குழுவைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1971-ல் கென்டக்கியின் லூயிவில் நகரில் தொடங்கியவர்கள். பாஞ்சோ, மாண்டலின் போன்ற தந்திக் கருவிகளில் வாசிக்கும் அமெரிக்க நாட்டுப்புற இசையான புளூகிராஸ் மேடையிலேயே மின்சார பேஸ் கிட்டார், ராக் பாட்டு, நீண்டுகொண்டே போகும் கற்பனை வாசிப்பு என்று துணிந்த குழு.

பழைய புளூகிராஸில் டிரம் கிடையாது. மாண்டலினின் 'சாப்' வெட்டுதான் (தந்திகளை மீட்டி உடனே ஒலியை அடக்குவது) அந்த வேலையைச் செய்யும். சாம் புஷ் அதை ராக் கிட்டார் போல ஆக்கிவிடுகிறார். எனக்கு அதுதான் வரவே இல்லை, இரண்டு நிமிடத்தில் மணிக்கட்டு இறுகிவிடுகிறது.

மாண்டலின் வாசிப்பவர்கள் சொல்லுங்கள்: பிளெக்ட்ரத்தை (தந்தி மீட்டும் சிறு தகடு) எவ்வளவு தளர்வாகப் பிடிப்பது? இடது விரல்களை எந்த இடத்தில் தளர்த்துவது? அப்புறம், 1981-ல் பாஞ்சோ கலைஞர் பேலா ஃபிளெக் குழுவில் சேர்ந்த பிறகு வந்த ஆல்பங்களில் எதை வைத்துப் பழகலாம்? மெதுவாக வாசித்து ஒரு சின்ன ஒலிப்பதிவு அனுப்பினாலும் பெரிய உதவி.